தனிக்கு எழுந்திருக்காதவள்

"கேசரி எப்போம்மா?" என்று இளமதி மறுபடியும் கேட்டாள். மேடையில் பாடகி இன்னும் இரண்டாவது பாட்டுக்கே வரவில்லை, ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டெல்லாம் முடியட்டும் கண்ணு, கொஞ்ச நேரம்தான், என்று மேகலா பெண்ணின் காதில் சொன்னாள். கொஞ்ச நேரம் என்பது சுத்தப் பொய். நாலரை வயதுக்குப் பொய் தெரியாதா என்ன, இளமதி தரைக்கு எட்டாத கால்களை ஆட்ட ஆரம்பித்துவிட்டாள், அவை முன்வரிசை நாற்காலியின் முதுகில் இடித்தன, அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள், குழந்தை என்று தெரிந்ததும் முறைக்க வந்ததைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டாள். மார்கழி மத்தியானம், மயிலாப்பூரில் டிக்கெட் இல்லாத கச்சேரி. பாதிப் பேர் பாட்டுக்கு வந்தவர்கள், பாதிப் பேர் கொல்லைப்பக்கத்துக் கேன்டீனுக்கு வந்தவர்கள், இரண்டுக்கும் சேர்த்து வந்தவர்களே அதிகம். இளமதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாமாவின் சட்டைப்பையில் கேன்டீன் டோக்கன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, பாட்டு தொடங்காதபோதும். இவர்களையெல்லாம் மேகலாவுக்குத் தெரியும். பேர் தெரியாது, ஆனால் தெரியும். மூன்று மார்கழியாக இந்தத் தெருப்பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போய் வந்தவள் அவள். பஸ் நேரே இந்த வழியாகத்தான் போகும், அதனால் பஸ்ஸே வேண்டாம் என்று ஷேர் ஆட்டோவில் இடிபட்டுப் போனாள். சபா வாசலில் வாழைமரம் கட்டியிருப்பதைப் பார்த்தால் என்ன ஆகிவிடும், ஒன்றும் ஆகாது, இருந்தாலும் பார்க்க வேண்டாம் என்று இருந்தது. இன்றைக்குப் பார்த்தாயிற்று. ஒன்றும் ஆகவில்லை, வாழைமரம் வாழைமரமாகத்தான் இருந்தது.

வந்ததற்குக் காரணம் பள்ளிக்கூடத்து மிஸ். நல்ல பெண், குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எல்லாக் குழந்தைகளும் அவரவர் அப்பா என்ன செய்கிறார் என்று சொன்னார்களாம், ஒருவன் அப்பா லாரி, ஒருத்தி அப்பா பேங்க், இளமதி எழுந்து நின்று "எங்கப்பா செவுத்துல இருக்காரு" என்றாளாம். அழுதுகொண்டு சொல்லவில்லையாம், சாதாரணமாகச் சொன்னாளாம், அதுதான் மிஸ்ஸுக்கு என்னவோபோல் ஆகிவிட்டதாம். மேகலாவுக்கு என்ன ஆயிற்று என்று மிஸ்ஸுக்குத் தெரியாது. சுவரில் இருக்கிறார், சரிதான், அதில் தப்பு ஒன்றுமில்லை. ஹாலில் மாட்டிய படத்தில், ஜிப்பா போட்டு, பக்கவாட்டில் எங்கோ பார்த்தபடி இருக்கிறார். குழந்தை வேறு எங்கே பார்த்தாள் அவரை. தில்லைநாயகம் போனபோது அவளுக்கு ஒன்றரை வயது. ஒன்றரை வயதுக்கு எதுவும் நிற்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், ஆறுதலாகச் சொன்னார்கள், நல்லவேளை குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று. நல்லவேளையா? அன்றைக்கு மேகலாவும் தலையாட்டினாள். அப்புறம் அதுவே உள்ளே கிடந்து அரிக்க ஆரம்பித்தது. அவ்வளவு தூக்கி, அவ்வளவு கொஞ்சி, அத்தனை நாள் அவளை வைத்துக்கொண்டே வாசித்தாரே மனுஷன், அதெல்லாம் எங்கே போயிற்று? ஒரு துளிகூட ஒட்டாமல் வழிந்து போய்விட்டதா? போனில் அவர் வாசிக்கிற வீடியோ இருக்கிறது. அதை அவள் குழந்தைக்குக் காட்டியதே இல்லை. காட்டினால் அவளுக்கு அப்பா ஞாபகம் வராது, போன்தான் ஞாபகம் வரும், அப்புறம் அந்தப் போனையே அப்பா என்று நினைத்துக்கொண்டு வளர்ந்துவிடுவாள் என்று ஒரு பயம். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நேரில் கேட்டால்? அதே சத்தம், அதே இடம், மேடையில் ஒரு மிருதங்கம்? ஏதாவது ஒன்று அசையாதா?

அசையவில்லை. முதல் பாட்டுக்கு மிருதங்கத்தில் முதல் தட்டு விழுந்தபோது மேகலா மேடையைப் பார்க்காமல் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளமதி வயலின்காரியின் பின்னலில் தொங்கிய குஞ்சலத்தைப் பார்த்தாள், மேலே எரிகிற விளக்குகளைப் பார்த்தாள், மாமாவின் டோக்கனைப் பார்த்தாள். மிருதங்கத்தையும் பார்த்தாள், மைக்கைப் பார்த்த மாதிரியே. வீட்டில் பீரோ மேல் உறை போட்டுக் கிடப்பதைக் காட்டி, போன மாதம், "அது தலகாணியாம்மா?" என்று கேட்டவள்தானே. அடுத்த பாட்டு தொடங்கியது, கல்யாணி ராகம், பாடுகிற பிள்ளை கெட்டிக்காரி, நன்றாகத்தான் பாடுகிறாள், மிருதங்கத்தில் இருந்த பையனுக்கு இருபது இருபத்திரண்டு இருக்கும், பயத்தில் கொஞ்சம் முந்திப் போகிறான், பாடகி கையால் அமர்த்துகிறாள். முந்தாதே தம்பி, மத்தியானக் கச்சேரிக்கு யாரும் ரயிலைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. இது தில்லை சொல்வது. அவர் வாழ்நாள் முழுக்க மத்தியானத்தில்தான் வாசித்தார். சாயங்காலக் கச்சேரிக்கு யாரும் கூப்பிடவில்லை. மத்தியான வித்வான் என்று தன்னையே கேலி செய்துகொள்வார், என் வாசிப்பு சாப்பாடு செரிப்பதற்கு நல்லது, டாக்டரே சொல்கிறார் என்பார். அதில் வருத்தம் இருந்ததா? இருந்திருக்கும். அவள் கேட்டதில்லை.

அவர் மேகலாவைப் பிடித்ததும் ஒரு மத்தியானத்தில்தான். இதே ஹால், அப்போது மின்விசிறி, மடக்கு நாற்காலி. ஆபீஸ் தோழி ஒருத்திக்குப் பாட்டுப் பைத்தியம், மதியம் பர்மிஷன் போட்டுவிட்டு இவளையும் இழுத்துக்கொண்டு வந்தாள். மேகலாவுக்குப் பாட்டும் தெரியாது, தாளமும் தெரியாது. பெரிய பாட்டு ஒன்று போய்க்கொண்டே இருந்தது, திடீரென்று பாடகர் நிறுத்தி மிருதங்கக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார், அவ்வளவுதான், தீப்பிடித்த மாதிரி ஹாலே எழுந்தது. என்னவென்று அவள் பயந்தே போனாள். தனி ஆவர்த்தனமடி, என்றாள் தோழி, இப்ப பாட்டு கிடையாது, மிருதங்கம் மட்டும் வாசிப்பார், வா காபி குடிச்சிட்டு வந்துடலாம், எல்லாரும் இப்பத்தான் போவாங்க. சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மேகலாவும் எழப் போனாள். எழ முடியவில்லை. புடவைக் கொசுவத்தின் நுனி மடக்கு நாற்காலியின் திருகாணியில் நன்றாக மாட்டிக்கொண்டிருந்தது, இழுத்தால் கிழியும், புதுப்புடவை, அதுவும் தவணைக்கு எடுத்தது. அசையாமல் உட்கார்ந்து, முகத்தில் ஒன்றும் தெரியாமல், ஒரு கையால் மடிக்குக் கீழே அந்தத் திருகாணியோடு போராடிக்கொண்டே நேரே மேடையைப் பார்த்தாள். வரிசை வரிசையாகக் காலி. நட்டநடுவே இவள் ஒருத்தி. மேடையில் ஜிப்பா போட்ட ஒல்லி மனிதர் வாசித்துக்கொண்டே இவளைப் பார்த்தார். வாசித்து முடித்துத் தலையைக் குனிந்தார், இவளுக்கு, இவள் ஒருத்திக்கு. மறுநாளும் தோழியோடு வந்தாள், ஏன் வந்தாள் என்று கேட்டால் தெரியாது. மறுநாள் கொசுவம் எதிலும் மாட்டவில்லை, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் திருகாணிக் கதையைச் சொன்னாள். ஒரு வாரம் சிரித்தார். சோறு சாப்பிடும்போது நினைத்துக்கொண்டு சிரித்துப் புரையேறியது. தனி கேக்குற பொம்பளைன்னு நம்பி ஏமாந்துட்டேனே, என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார், அந்த நாற்காலியைத் தேடிப்பிடித்து மாலை போட வேண்டும் என்றார்.

"அம்மா, கேசரி மஞ்சளா ஆரஞ்சா?" ஆரஞ்சு கண்ணு, பேசக்கூடாது. கேசரி, ரவை. ரவை வாங்கியே எவ்வளவு நாளாகிவிட்டது. மிருதங்கத்துக்கு இடப்பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து அப்ப வேண்டும், அப்பினால்தான் அந்தக் கும்கும் வரும், வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். உப்புமாவுக்கு வைத்திருக்கிற டப்பாவில் நேரே கையை விடுவார், ஈரக்கையோடு, டப்பா முழுக்கக் கட்டி கட்டியாக. அதற்கு எத்தனை சண்டை. உனக்கு உப்புமா பெரிசா, எனக்கு நாதம் பெரிசா என்பார், சாப்பிடும்போது எது பெரிசுன்னு பார்க்கலாம் என்பாள் இவள். குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு சண்டையில் மூன்றாவது ஆளும் சேர்ந்துகொண்டது, சுரண்டிப் போட்ட ரவையைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டது, வாயைப் பிளந்து விரல் விட்டு எடுத்தால் வீறிட்டது. அந்த ஈர ரவை வாசனை, தோல் வாசனை, அவர் கழுத்துப் பவுடர் வாசனை. மந்தைவெளியில் ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. சாதகம் செய்ய வேறு இடம் கிடையாது, அதனால் குழந்தை தூங்கும் பாயின் தலைமாட்டிலேயே உட்கார்ந்து வாசிப்பார். இது உருப்படுமா, குழந்தை தூங்க வேண்டாமா என்று பக்கத்துப் போர்ஷனில் கேட்டார்கள். அவர்களுக்கென்ன தெரியும். அந்தச் சத்தம் இருந்தால்தான் தூங்கினாள். சத்தம் இருக்கும் வரைக்கும் தூங்கினாள். அவர் கை ஓய்ந்து மெல்ல மிருதங்கத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படுக்கலாம் என்று பார்த்தால், கண் மூடியிருக்கும், மூச்சு சீராக இருக்கும், குதிகால் மட்டும் பக்கத்தில் படுத்திருக்கிற அம்மாவின் விலாவில் வந்து விழும். உதை என்றால் சின்ன உதை இல்லை. ஒன்று, இரண்டு. முதலாளி உத்தரவு போட்டாச்சு, என்று அவர் எழுந்து உட்கார்வார், மறுபடியும் விரல் நுனியால், மழை விடும் நேரத்துத் தூறல் மாதிரி வாசிப்பார், கால் அடங்கும். சாயங்காலக் கச்சேரி இல்லைன்னு யார் சொன்னது, எனக்கு டெய்லி இருக்கு, பெரிய இடத்துக் கச்சேரி, என்பார்.

அப்புறம் ஒரு காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அவரும் நினைத்தார், கச்சேரியை வேறு யாருக்கோ மாற்றிவிட்டுக் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தார். அதற்குமேல் மேகலாவின் மனம் போகாது. அந்த வாரத்தின் வாசல்வரைக்கும் போகும், போய் நின்றுவிட்டுத் திரும்பிவிடும். திரும்பி எங்கே வரும், குழந்தையின் தூக்கத்துக்குத்தான் வரும். தூங்கவே இல்லை அவள். தோளில் போட்டு நடந்து, கதை சொல்லி, பால் கொடுத்து, மிரட்டி, கடைசியில் இவளும் அழுது அவளும் அழுது ஓய்ந்துதான் தூங்குவாள். இன்றுவரைக்கும் அப்படித்தான், தூக்கம் என்றாலே வீட்டில் யுத்தம். நர்சரியில் மத்தியானம் எல்லாக் குழந்தைகளும் படுக்க, இது மட்டும் உட்கார்ந்து செருப்புகளை ஜோடி சேர்க்கிறது என்று ஆயா சொல்லிச் சிரித்தாள். ஆதம்பாக்கத்துக்கு வீடு மாறினார்கள், ரவை டப்பாவில் இப்போது அப்பளம் இருக்கிறது. நான் மட்டும்தான் வைத்துக்கொண்டிருக்கிறேனா அவரை, என்று மேகலா நினைத்தாள். எனக்கு அப்புறம்? நான் சொல்லிச் சொல்லிக் கொடுத்தால் அது என் ஞாபகம், அவளுடையது ஆகாது. கடன் வாங்கின நகை மாதிரி போட்டுக்கொண்டு நிற்பாள். அவளுடையதாக ஒன்று, அவளுக்கே சொந்தமாக ஒன்று, ரவை அளவு போதும். அதைக் கேட்கத்தானே இங்கே வந்தது, கேட்டாயிற்று, இல்லை என்று தெரிந்துவிட்டது. கிளம்பலாம்.

இதற்குள் பாட்டு மளமளவென்று ஏறி, ஸ்வரம் எல்லாம் பாடி, வயலின்காரி ஒரு சுற்று வாசித்து, ஹாலில் கைதட்டல் விழுந்தது. இளமதி நெளிந்தாள், நாற்காலியில் முழங்காலிட்டுப் பின்வரிசையைப் பார்த்தாள், பாவாடை குத்துது என்றாள், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் சரிந்து உட்கார்ந்தாள். பாடகி பையனைப் பார்த்துக் கையைக் காட்டினாள். உடனே ஆரம்பித்தது, அதே நாற்காலிச் சத்தம், அதே செருப்புச் சத்தம், ஒருவரும் ஒருவரையும் பார்க்காமல் ஏதோ அவசரம் வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து போகிற அதே அழகு. மாமா டோக்கனைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தார், முன்வரிசை அம்மாள் எழுந்தாள். மேகலா இவர்களையெல்லாம் எத்தனை வருஷம் மனசுக்குள் திட்டியிருக்கிறாள். ஒரு போண்டாவுக்காக ஒரு மனுஷனின் வாசிப்பைத் தள்ளிவிட்டுப் போகிற ஜனங்கள் என்று தில்லையிடமே கத்தியிருக்கிறாள், அவர்தான், போண்டா சூடு ஆறிடும், என் வாசிப்பு ஆறாது, விடு, என்பார். இன்றைக்கு அவளே பையைத் தோளில் மாட்டினாள். குழந்தைக்குக் கேசரி வாங்கிக் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட வேண்டியதுதான். தில்லையின் பெண்டாட்டி தனிக்கு எழுந்து போனாள் என்று யார் வந்து சொல்லப்போகிறார்கள். எழுந்திரு கண்ணு, கேசரி, என்று பெண்ணின் தோளைத் தொட்டாள்.

தோள் தொய்ந்து கிடந்தது. தலை அவள் கையில் வந்து விழுந்தது. தூங்கிவிட்டாள். கேசரி என்ற பேரைக் கேட்டும் தூங்குகிறாள். மேகலா அப்படியே நின்றாள், பிறகு பையைக் கழற்றினாள், காலியாகிப்போன மாமாவின் நாற்காலியில் அதை வைத்து, குழந்தையின் தலையை அதன்மேல் சாய்த்து, உடம்பை அவள் நாற்காலியில் கிடத்தி, கால்களைத் தன் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இனி எழ முடியாது. திருகாணி மறுபடியும் மாட்டிக்கொண்டது என்று நினைத்தாள், சிரிப்பு வந்தது. மேடையில் பையன் தனியாக வாசித்தான். ஹால் காலி, முந்த வேண்டிய அவசியம் இல்லை, கை இறங்கி நிதானத்துக்கு வந்துவிட்டது. மிருதங்கம் நேரே நெஞ்சில் வந்து மோதுகிறது, இவ்வளவு சத்தத்தில் எந்தக் குழந்தை தூங்கும்? தூங்கும், ஏன் தூங்காது, காலையிலிருந்து பஸ், வெயில், பட்டுப்பாவாடை, இப்போது ஏசிக் குளிர், அசந்து தூங்குகிறாள், நீயாக ஒன்றைக் கட்டிக்கொண்டு அழாதே. ஆனால் மத்தியானம் தூங்காத குழந்தை. ஆனால் தாலாட்டுக்கும் பாட்டுக்கும் தூங்காத குழந்தை. பாடகி இவ்வளவு நேரம் பாடினாளே, அப்போது நெளிந்துகொண்டுதானே இருந்தாள். சும்மா இரு, களைப்புதான். களைப்பாகவே இருக்கட்டும், இந்த வாசிப்பு நிற்காமல் இருக்கட்டும் என்று ஒரு ஆசை வந்தது, நின்றால் தெரிந்துபோய்விடும், தெரியாமலே இருந்துவிட்டால் ஒரு பக்கம் நம்பிக்கொண்டாவது இருக்கலாம். பையன் நிமிர்ந்தான். வரிசை வரிசையாகக் காலி, நட்டநடுவே ஒருத்தி, மடியில் இரண்டு பாதம். அவன் முகம் மலர்ந்தது. பாவம், இவனும் ஏமாறுகிறான். இல்லை, ஏமாறவில்லை தம்பி, வாசி, இந்தத் தடவை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைசிக் கோர்வைக்கு வந்துவிட்டான். ஒன்றையே மூன்று தடவை வாசிப்பார்கள், மூன்றாவது முடிகிற இடத்தில் பாட்டு வந்து சேர்ந்துகொள்ளும், அத்தோடு சரி, இதெல்லாம் தில்லையோடு இருந்து இருந்து காதில் ஏறினது. முதல் தடவை. இரண்டாவது. மேகலாவின் கை பெண்ணின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவதும் முடிந்து, பாடகி வரியைப் பிடித்துப் பாடி நிறுத்தினாள், மிச்சமிருந்த நாலைந்து பேர் தட்டினார்கள், பையன் மேடையிலிருந்து இவளைப் பார்த்துத் தலை குனிந்தான், துண்டால் கையைத் துடைத்துக்கொண்டான். தம்புராவின் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இளமதியின் கண் மூடியே இருந்தது, மூச்சு சீராகவே இருந்தது. ஒன்றும் இல்லை, களைப்புதான் என்று மேகலா கையைத் தளர்த்தினாள். குதிகால் வந்து விலாவில் விழுந்தது. கொலுசோடு, வலிக்கிற மாதிரி. ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இரண்டு.

மேகலாவுக்கு முகம் முழுக்க நனைந்துவிட்டது, துடைக்கத் தோன்றவில்லை. இருக்கிறார். சுவரில் இல்லை, இந்தக் காலில் இருக்கிறார், இவளுக்கே தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறாள், நான் கொடுத்தது இல்லை, யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. இதோ, முதலாளி, இதோ, என்று முணுமுணுத்துக்கொண்டு அந்தச் சின்னப் பாதத்தின்மேல் விரல் நுனியால் தட்ட ஆரம்பித்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, தாளம் எங்கோ போயிற்று, தில்லை கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். கால் அடங்கியது. மேடையில் அடுத்த பாட்டுக்குச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் வாயைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், காபி வாசனையும் கூடவே வந்தது. மாமா தன் இடத்துக்கு வந்து பார்த்தார், நாற்காலியில் ஒரு பை, பைமேல் ஒரு தலை. அவர் கையில் தொன்னை, தொன்னையில் கேசரி, ஆரஞ்சு. கொழந்தை கேட்டுண்டே இருந்துதே, பாவமா இருந்தது, என்று அதை மேகலாவிடம் நீட்டிவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"தனி ஆயிடுத்தாம்மா?"

மேகலா இடது கையில் தொன்னையை வாங்கிக்கொண்டாள். வலது கை தட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னும் இல்ல, மாமா" என்றாள்.